செருப்புக்குள் ஒரு பரல்: ‘ஸ்குரூப்பிள்’ என்ற சொல்லைத் தமிழுக்குக் கொண்டுவருவது எப்படி?

ஆங்கிலக் கடிதத்தில் ‘ஸ்குரூப்பிள்’ என்ற சொல் வந்தால் உடனே ‘தயக்கம்’ என்று எழுதிவிடாதீர்கள். நான் அப்படி எழுதினேன். அதனால் ஒரு தமையனும் தங்கையும் இரண்டு வருடம் கதைக்காமல் இருந்தார்கள்.

தொண்ணூறுகளில் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் மொழிபெயர்ப்பு வேலை செய்துகொண்டிருந்தேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, சத்தியக்கடதாசி, அற்றோணித் தத்துவம் என்று நாள் முழுக்கத் தட்டச்சுத்தான். ஒருநாள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மா வந்தார். லண்டனில் இருக்கிற தமையன் இங்குள்ள சட்டத்தரணிக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தின் பிரதி அவர் கையில் இருந்தது. ஊரில் தாய் விட்டுப்போன நாலு பரப்புக் காணியை இந்த அம்மாவின் பெயருக்கு மாற்ற வேண்டும். தமையன் கையெழுத்து வைத்தால் விஷயம் முடிந்தது. ஆனால் கடிதத்தின் நடுவில், கையெழுத்து வைப்பது பற்றித் தனக்குச் சில ‘ஸ்குரூப்பிள்ஸ்’ இருப்பதாக அவர் எழுதியிருந்தார்.

அகராதியைப் பார்த்தேன். ‘தயக்கம், ஐயுறவு’ என்று போட்டிருந்தது. “கையொப்பமிடுவதில் எனக்குச் சில தயக்கங்கள் உள்ளன” என்று அடித்துக் கொடுத்தேன். அந்த அம்மா அதை இரண்டு தரம் வாசித்தார்.

“தயக்கமெண்டால் என்ன பிள்ளை? காசு காணாதாமோ?”

“அப்பிடித்தான் போல கிடக்கு அம்மா, யோசிக்கிறார் போல” என்றேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகியிருக்கவில்லை.

உண்மையில் தமையனுக்குக் காசு ஒரு பொருட்டே இல்லை. கிணற்றடிப் பக்கத்து இரண்டு பரப்பைக் கடைசித் தங்கச்சிக்குத் தருவதாகத் தாய் சாகும் முன் வாயால் சொல்லியிருந்தார். எழுத்தில் எதுவும் இல்லை. சட்டப்படி அவர் கையெழுத்து வைக்கலாம். ஆனால் தாய் சொன்னது உள்ளுக்குள் குத்திக்கொண்டிருந்தது. அந்தக் குத்தலைத்தான் அவர் ‘ஸ்குரூப்பிள்’ என்றார். என்னுடைய ‘தயக்கம்’ அதைப் பேராசை ஆக்கிவிட்டது.

இப்போது வெள்ளவத்தையில் என் வீட்டு முன்விறாந்தையில் பின்னேரங்களில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்புச் சொல்லிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் இந்தச் சொல்லில்தான் தொடங்குவேன். இந்த ஒரு சொல்லை ஒழுங்காகப் பிரித்துப் பார்க்கப் பழகினால், தயக்கம் தொடர்பான மற்ற ஆங்கிலச் சொற்களையும் அதே வழியில் பிரிக்கலாம். என் வழியை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, சொல்லின் பிறப்பைப் பார்ப்பது. ‘ஸ்குரூப்பிள்’ லத்தீன் மொழியின் ‘ஸ்குரூப்புலுஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘ஸ்குரூப்புஸ்’ என்றால் கூரான கல். அதன் சிறுமை வடிவம் ‘ஸ்குரூப்புலுஸ்’, அதாவது கூரான சின்னக் கல். உரோமர்கள் அதையே மனத்தைக் குத்துகிற கவலைக்கும் சொன்னார்கள்.

இதை எத்தனை புத்தகத்தில் வாசித்தாலும் உடம்பில் உணர்ந்தால்தான் சொல் பிடிபடும். எனக்கு அது பிடிபட்டது வெள்ளவத்தை ரயில் நிலையத்துக்குக் கிட்ட. கடலோரத் தண்டவாளத்தைக் கடந்து வரும்போது, கீழே போட்டிருக்கும் சல்லிக்கல்லில் ஒரு சில்லு செருப்புக்குள் புகுந்துவிட்டது. தமிழ்ச் சங்க நூலகம் மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. காலி வீதியில் சனநெரிசல். குனிந்து எடுக்க இடமில்லை. அந்தச் சில்லோடுதான் 57ஆவது ஒழுங்கை வரைக்கும் நடந்தேன். நடக்க முடியாமல் இல்லை. பக்கத்தில் வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கால் வைக்கிற ஒவ்வொரு முறையும் ‘நான் இருக்கிறேன்’ என்று அது சொல்லிக்கொண்டே வந்தது. நூலகப் படியில் உட்கார்ந்து செருப்பைத் தட்டினால், விழுந்தது அரை உழுந்தளவு கல்!

அந்தப் படியில்தான் அந்தக் கொட்டாஞ்சேனைக் கடிதம் நினைவுக்கு வந்தது. சின்னது, கூரானது, வெளியில் தெரியாதது, என் செருப்புக்குள் இருப்பது. நடையை முழுவதுமாக நிறுத்தாது, நிம்மதியாக நடக்கவும் விடாது. இத்தனையும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ‘தயக்கம்’ என்ற சொல் கால் நின்றுவிட்டது என்பதை மட்டும் சொல்கிறது. ஏன் நின்றது என்று சொல்வதில்லை. பயத்தில் நின்றிருக்கலாம், கூச்சத்தில் நின்றிருக்கலாம், கூடுதலாகக் காசு கேட்க நின்றிருக்கலாம். ‘ஸ்குரூப்பிள்’ அந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது: இது சரியல்லவோ என்று உள்ளே ஏதோ குத்துகிறது.

அடுத்த வேலை, அதே படம் தமிழில் எங்கே இருக்கிறது என்று தேடுவது. பெரும்பாலும் இருக்கும். புறநானூற்றின் 257ஆம் பாட்டு ‘செருப்பிடைச் சிறு பரல் அன்னன்’ என்று தொடங்குகிறது. செருப்புக்கு இடையில் அகப்பட்ட சிறு கல்லைப் போன்றவன் என்று ஒரு வீரனைச் சொல்கிறது பாட்டு. பகைவருக்கு அவன் அப்படித் தொல்லை கொடுப்பவனாம். உரோமில் மனத்துக்குள் போன கல், நம்முடைய பாட்டில் ஒரு மறவனாக நிற்கிறது. இரண்டு மொழிக்காரரும் ஒரே கல்லை மிதித்திருக்கிறார்கள் என்பதை முதன்முதலாகக் கண்டபோது நூலகத்திலேயே எழுந்து நின்றுவிட்டேன்.

பாட்டை விடுங்கள், அன்றாடப் பேச்சிலேயே இந்தப் படம் இருக்கிறது. கண்ணில் தூசு விழுந்தால் ‘உறுத்துகிறது’ என்கிறோம். பாய்க்குக் கீழே ஒரு கொட்டை கிடந்தால் முதுகில் உறுத்துகிறது. அதே வினையைத்தான் மனத்துக்கும் சொல்கிறோம்: மனம் உறுத்துகிறது. ‘நெருடல்’ என்பதும் இதற்கு அக்காதான். விரலில் அகப்படுகிற சின்ன மேடு, சோற்றில் பல்லுக்குத் தட்டுப்படுகிற கல், இரண்டும் நெருடும். ஆகவே ஒற்றைச் சொல் வேண்டும் என்றால் என் முதல் தெரிவு ‘உறுத்தல்’, இரண்டாவது ‘நெருடல்’.

ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு, பிள்ளைகள் அடிக்கடி விழுவது இதில்தான். தமிழில் ‘மனச்சாட்சி உறுத்துகிறது’ என்றால் பெரும்பாலும் செய்து முடித்த தப்பைப் பற்றியே சொல்கிறோம். ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்’ என்கிறது 293ஆம் குறள். அதில் ‘பொய்த்தபின்’ என்பதைக் கவனியுங்கள். நெஞ்சு சுடுவது காரியத்துக்குப் பின்னால். ஆங்கிலத்தில் அதற்கு வேறு சொற்கள் இருக்கின்றன. ‘ரிமோர்ஸ்’ என்பது அப்படி ஒன்று; லத்தீனில் அது ‘திரும்பக் கடிப்பது’. ‘ஸ்குரூப்பிள்’ பெரும்பாலும் காரியத்துக்கு முன்னால் வரும், அல்லது நடந்துகொண்டிருக்கும்போது வரும். லண்டன் தமையன் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. அவருக்குச் சுடுவதற்கு எதுவும் இல்லை. ஆகவே எழுதும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்: காரியம் முடிந்துவிட்டதா, இனித்தானா? இனித்தான் என்றால் வெறும் ‘மனச்சாட்சி உறுத்தல்’ வாசகரைக் குழப்பும். அங்கே ‘மனம் இடங்கொடுக்கவில்லை’ நன்றாக நிற்கும். ‘மனம் ஒப்பவில்லை’ என்பதும் சரி.

அந்த இரண்டில் எனக்கு ‘மனம் இடங்கொடுக்கவில்லை’தான் பிடிக்கும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தத் தொடரைக் கேட்ட யாரும் “எவ்வளவு வேணுமாம்?” என்று கேட்க மாட்டார்கள். “ஏன்?” என்றுதான் கேட்பார்கள். அந்த அம்மா அன்றைக்கு “ஏன்?” என்று கேட்டிருந்தால், கிணற்றடிக் காணியின் கதை அன்றே வெளியில் வந்திருக்கும்.

எங்கள் பேச்சுமொழியில் இதைச் சுற்றி வேறு சில தொடர்களும் உண்டு. அவற்றை மாற்றிப் போடக் கூடாது. ‘மனங்கேக்குதில்லை’ என்றால் அதில் இரக்கம் இருக்கிறது. பசியோடு நிற்கிற பிள்ளையை விட்டுப்போக மனம் கேட்காது. ‘அந்தரமாக் கிடக்கு’ என்றால் மற்றவர் முகம்தான் காரணம். கடன் கொடுத்த ஆளிடம் திருப்பிக் கேட்க அந்தரம். அங்கே தப்பு, சரி என்ற கேள்வியே இல்லை. ‘வெக்கம்’ இன்னும் வெளிப்பக்கத்தது. யாரும் பார்க்காத இடத்திலும் குத்துகிறதா என்று பாருங்கள். தனி அறையில் கதவைச் சாத்திய பிறகும் குத்தினால் அதுதான் ‘ஸ்குரூப்பிள்’.

தயக்கத்துக்கான மற்ற ஆங்கிலச் சொற்களுக்கும் இதே வழிதான். அந்தச் சொல் உடம்பில் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். ‘ஹெசிட்டேட்’ லத்தீனில் ‘ஒட்டிக்கொள்’ என்ற வினையிலிருந்து வந்தது. நாக்கும் காலும் ஒட்டிக்கொண்டு நிற்பது. அதற்குத் ‘தயங்கு’ என்பதே போதும். ‘ரிலக்டன்ஸ்’ என்பதற்குள் மல்லுக்கட்டு இருக்கிறது. இழுத்தால் எதிர்ப்பக்கம் இழுக்கிற மாடு மாதிரி. ‘குவாம்’ வயிற்றுப் பக்கத்துச் சொல். திடீரென்று மயக்கமோ குமட்டலோ வருவதை அதனால் குறித்தார்கள். பிறகுதான் மனத்துக்கு ஏறியது. ‘ஸ்குரூப்பிள்’ பாதத்தில் இருக்கிறது. ஒட்டல், இழுவை, புரட்டல், குத்தல் என்று நாலு இடம். எல்லாவற்றுக்கும் ஒரே ‘தயக்கம்’ என்று போட்டால் நாலு நோயாளிக்கும் ஒரே மருந்து கொடுத்த மாதிரி.

மருந்து என்றதும் என் அப்பப்பாவைச் சொல்ல வேண்டும். அவர் அப்போதிக்கரியாக இருந்தவர். அவருடைய மரப்பெட்டி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. உள்ளே வெல்வெட் துணியில் குழி குழியாக, நாணயம் மாதிரித் தட்டையான பித்தளை எடைகள். ஒன்றின் மேல் ஆங்கில ‘ஈ’ எழுத்தைத் திருப்பிப் போட்டது போல ஒரு குறி. சின்ன வயதில் அது என்னவென்று கேட்டேன். “அதுதான் ஸ்குரூப்பிள், கவனமா வை” என்றார். நான் அந்தச் சொல்லை முதலில் அறிந்தது ஓர் எடையாகத்தான். ஆங்கில மருந்துக் கணக்கில் 20 கிரெயின் ஒரு ஸ்குரூப்பிள், 3 ஸ்குரூப்பிள் ஒரு டிராம், 8 டிராம் ஓர் அவுன்ஸ். இன்றைய அளவில் ஒரு ஸ்குரூப்பிள் ஏறத்தாழ 1.3 கிராம். எட்டுக் கிராம் பவுண் ஒன்றை எடுத்தால் அதில் ஆறு ஸ்குரூப்பிளுக்குச் சற்றுக் கூட வரும். சின்னக் கல் என்பதே சின்ன எடைக்கும் பெயராகிவிட்டது. நாம் குன்றிமணியை வைத்துப் பொன் நிறுத்த மாதிரி.

இந்த எடைப் பக்கம் தெரிந்தால் அந்தச் சொல்லின் மற்ற உருவங்களும் வசப்படும். ‘ஸ்குரூப்பியுலஸ்’ என்றால் மிக நுணுக்கமான கவனம், நேர்மையிலும் வேலையிலும். செட்டியார் தெருவில் அம்மாவின் சங்கிலியை நிறுக்கப் போனபோது கண்ட ஒரு வயதான பத்தரை நினைத்துக்கொள்வேன். முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். சின்னத் தூரிகையால் தட்டைத் துடைத்தார். சங்கிலியை வைத்து, முள் அசைவு அடங்கும் வரை மூச்சைக்கூட மெதுவாக விட்டார். பிறகு சங்கிலியை எடுத்துத் திருப்பி வைத்து இன்னொரு தரம் பார்த்தார். எங்களுக்கு அவசரம், அவருக்கு இல்லை. அந்த மனிதர்தான் ‘ஸ்குரூப்பியுலஸ்’. தமிழில் இடத்துக்கு ஏற்ப ‘துளியும் பிசகாமல்’, ‘கண்ணும் கருத்துமாக’, ‘அப்பழுக்கில்லாமல்’ என்று எழுதலாம். வீடு ‘ஸ்குரூப்பியுலஸ்லி கிளீன்’ என்று வந்தால் மனச்சாட்சியை இழுக்க வேண்டாம். ‘ஒரு தூசுகூட இல்லாமல்’ போதும்.

எதிர்ப்பக்கம் ‘அன்ஸ்குரூப்பியுலஸ்’. பத்திரிகைகளில் வியாபாரிகளைப் பற்றி அடிக்கடி வரும். ‘ஈவிரக்கமற்ற’ என்று எழுதுகிறார்கள், அது வேறு. இரக்கமுள்ளவனும் கள்ளத் தராசு பிடிக்கலாம். நான் ‘குன்றிமணியளவும் மனச்சாட்சி இல்லாத’ என்று எழுதுவேன். பேச்சுத் தமிழ்; அதேநேரம் எடையும் உள்ளே வந்துவிடுகிறது.

வினையாக வந்தால் பெரும்பாலும் எதிர்மறையில் வரும்: பொய் சொல்ல அவன் ‘ஸ்குரூப்பிள்’ பண்ணவில்லை என்ற மாதிரி. கொஞ்சம் பழைய நடை, வழக்குத் தாள்களில் காணலாம். பிள்ளைகள் ‘பொய் சொல்ல அவன் தயங்கவில்லை’ என்று எழுதுவார்கள். பிழையில்லை, ஆனால் உயிரில்லை. ‘நாக்கூசாமல் பொய் சொன்னான்’ என்று எழுதிப் பாருங்கள். கையால் செய்த காரியம் என்றால் ‘கை கூசாமல் எடுத்தான்’. எங்கள் அம்மாக்கள் இதை எந்த அகராதியும் பார்க்காமல் சொல்வார்கள்.

பழைய நூலிலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் கல் எப்போதும் மனச்சாட்சியாகவே இருந்ததில்லை. கி.மு. 80இல் உரோமில் செக்ஸ்டஸ் ரோசியஸ் என்பவர் தந்தையைக் கொன்றதாக வழக்கு. அவருக்காகப் பேசியவர் இளம் சிசரோ. இறந்தவருடைய அறுபது லட்சம் செஸ்டர்ஸ் பெறுமதியான சொத்தை, சர்வாதிகாரி சுல்லாவின் ஆள் கிரைசோகோனஸ் வெறும் இரண்டாயிரத்துக்கு எடுத்துக்கொண்டதாகச் சிசரோ நீதிபதிகளிடம் சொல்கிறார். அப்புறம், தன்னை இரவும் பகலும் குத்துகிற சின்னக் கல்லைப் பிடுங்கித் தரும்படி இந்தக் கிரைசோகோனஸ் உங்களைக் கேட்கிறான் என்கிறார். கிரைசோகோனஸைக் குத்தியது நேர்மை இல்லை. உரிய வாரிசு உயிரோடு இருக்கிறானே என்ற பயம்! இங்கே போய் ‘மனச்சாட்சி’ என்று எழுதினால் கதையே தலைகீழாகும். ‘உறுத்தல்’ மட்டும் போதும். நம்முடைய சொல் இரண்டுக்கும் இடங்கொடுக்கிறது என்பது அதன் பெருமை.

கிறிஸ்தவ நூல்களில் வந்தால் வேறு கவனம் வேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற ஒரு மாணவி ஞாயிறு மலருக்காக ஒரு கட்டுரை மொழிபெயர்த்தாள். அதில் ‘ஸ்குரூப்பிள்ஸ்’ ஒரு நோய் மாதிரி வந்தது. “மிஸ், நல்ல விஷயம்தானே, ஏன் வருத்தமெண்டு போட்டிருக்கு?” என்றாள். கத்தோலிக்க மரபில், பாவமில்லாததையும் பாவமோ என்று ஓயாமல் துருவுகிற நிலைக்கு அதுவே பெயர். புனித லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில் இருந்தபோது இதில் கிடந்து தவித்தவர். பழைய பாவங்களை முழுதும் அறிக்கையிட்டேனா என்று திரும்பத் திரும்ப. பிறகு அவர் எழுதிய பயிற்சி நூலில் ஓர் உதாரணம் தருகிறார். வைக்கோல் துண்டுகள் தற்செயலாகச் சிலுவை மாதிரிக் கிடக்க, தெரியாமல் மிதித்துவிட்டேன். பாவம் செய்தேன் என்று நானே முடிவு கட்டினால் அது பிழையான தீர்ப்பு. மிதித்த பிறகு, பாவமோ என்று ஒரு நினைவு வருகிறது, இல்லை என்றும் படுகிறது. சந்தேகமும் இருக்கிறது, சந்தேகமில்லாமலும் இருக்கிறது. அந்தக் கலக்கமே ‘ஸ்குரூப்பிள்’ என்கிறார். இன்று மருத்துவர்கள் அளவுமீறிய இந்த நிலையை எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வகையாகப் பார்க்கிறார்கள். அந்த மாணவிக்குப் ‘பாவ ஐயம்’ என்று போடச் சொன்னேன். ‘ஐயம்’ அங்கே மிகப் பொருத்தம்.

கடைசி வேலை ஒன்று இருக்கிறது, அதை யாரும் தவறவிடக் கூடாது. எழுதியதை வாய்விட்டு வாசியுங்கள். முடிந்தால் எழுதியவரை அறிந்த ஆளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அந்தக் கொட்டாஞ்சேனை அம்மா சில வருடம் கழித்து வேறொரு பத்திரத்துக்காகத் திரும்ப வந்தார். அதற்குள் தமையன் ஊருக்கு வந்து, கிணற்றடிப் பக்கம் கடைசித் தங்கச்சிக்கு, மற்றது இவருக்கு என்று எழுதி முடிந்திருந்தது. பிழை என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். பழைய கடிதத்தின் பிரதி கோவையில் இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் ஒரு துண்டுத் தாளில் திரும்ப எழுதிக் கொடுத்தேன்: “கையெழுத்து வைக்க எனக்கு மனம் இடங்கொடுக்குதில்லை; ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருக்கு.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார்.

“ஓம் பிள்ளை” என்றார். “இது அண்ணை கதைக்கிற மாதிரியே கிடக்கு.”